ஃபவுண்டேஷன் போல்ட் போட்ட கம்ப்யூட்டர்

உலக நாகரிகத்துக்கு அம்பத்தூர் தொழிற்பேட்டை ஆற்றியிருக்கும் தொண்டுகளை முழுதாகச் சொல்ல இந்த ஜென்மம் போதாது. இருந்தாலும் தலையாய தொண்டு எது என்று யாராவது கேட்டால் யோசிக்காமல் சொல்வேன்: 'ஓடுகிற மிஷினை மாற்றாதே' என்ற தத்துவம். அதை லேத் பட்டறையிலிருந்து கம்ப்யூட்டர் துறைக்குக் கொண்டுவந்த மகான் எங்கள் முதலாளி சம்பத் சார். அவருடைய நிழலில் 'பதிப்புப் பொருத்த அலுவலர்' என்ற உயர்ந்த பதவியை வகிக்கும் பாக்கியம் பெற்றவன் நான், தினகரன்.

பதவியின் பெயரைப் பார்த்து மிரள வேண்டாம். அதற்கு முன்பு நான் பட்டறையில் ஸ்டோர் கீப்பர். எந்த போல்ட்டுக்கு எந்த நட்டு சேரும் என்று பார்த்துப் பார்த்தே தலை நரைத்தவன். சம்பத் சார் பட்டறையில் பாதியைத் தடுத்து, ஏசி மாட்டி, 'சாஃப்ட்வேர் டிவிஷன்' என்று போர்டு வைத்தபோது, எந்தக் கம்ப்யூட்டரில் எந்த மென்பொருளின் எந்தப் பதிப்பு ஓடும் என்று சொல்ல ஓர் ஆள் தேவைப்பட்டது. "நட்டும் போல்ட்டும்தான்யா, வேற இன்னா," என்று சொல்லி என்னை நியமித்துவிட்டார். தேர்வு, நேர்காணல் எல்லாம் அந்த ஒரு வாக்கியத்திலேயே முடிந்தது.

டிவிஷனின் ஒரே உற்பத்தி 'லாரி வருது' என்ற ஆப். கொரட்டூர், பாரிவாக்கம் பக்கத்து ஃப்ளாட்வாசிகள் குடத்தோடு மொட்டை மாடியில் நின்று எட்டிப் பார்க்காமல், தண்ணீர் லாரி எந்த முனையில் மாட்டிக்கொண்டிருக்கிறது என்று செல்போனிலேயே பார்க்கலாம். அதை எழுதியவர் கிருஷ்ணப்பிரியா. கரூர்ப் பெண், கெட்டிக்காரி. இரண்டு வருடமாக எங்களிடம் 'பயிற்சிக் காலத்தில்' இருந்தார். ஆப்பின் அடுத்த பதிப்பு வெளிவந்தவுடன் வேலை நிரந்தரம் என்று சம்பத் சார் வாய் நிறையச் சொல்லியிருந்தார். அந்த வார்த்தையை நம்பி அந்தப் பெண் வேறொரு கம்பெனியில் கிடைத்த வேலையை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, ஊரில் அம்மாவிடமும் 'பர்மனென்ட் ஆகப்போகுதும்மா' என்று சொல்லி வைத்திருந்தார்.

இனி கதாநாயகரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதாவது எங்கள் கம்ப்யூட்டர். விலையுயர்ந்த ஒரு ரகப் போனுக்கு ஆப் செய்ய, அதே கம்பெனியின் கம்ப்யூட்டர்தான் வேண்டுமாம். டிவிஷன் திறந்த அன்று வாங்கியது. வந்த அன்றே சம்பத் சார் அதற்குக் கான்கிரீட் பீடம் கட்டி, லேத்துக்குப் போடுவது போல ஃபவுண்டேஷன் போல்ட் போட்டு இறுக்கச் சொன்னார். மிஷின் என்றால் அதிராமல் நிற்க வேண்டும் என்பது அவர் கொள்கை. கம்ப்யூட்டர் அதிராது என்று சொல்லும் துணிச்சல் எங்களில் யாருக்கும் இல்லை. ஆண்டுதோறும் ஆயுத பூஜைக்குச் சந்தனமும் குங்குமமும் வைப்போம். பென் டிரைவ் சொருகும் துளை ஒன்று குங்குமத்தால் அடைபட்டு இப்போது வழிபாட்டுக்கு மட்டுமே பயன்படுகிறது.

இப்படி நிம்மதியாக இருந்த வேளையில் ஆப் ஸ்டோரிலிருந்து ஓர் எச்சரிக்கை வந்தது. ஆப் எழுதும் கருவியின் புதுப் பதிப்பில் செய்து அனுப்பாத ஆப்பை வெள்ளிக்கிழமை கடையிலிருந்து எடுத்துவிடுவார்களாம். கிருஷ்ணப்பிரியா உடனே புதுக் கருவியை ஏற்றப் பார்த்தார். புதிய ஆபரேட்டிங் சிஸ்டம் இருந்தால்தான் வருவேன் என்றது கருவி. சரி என்று ஆபரேட்டிங் சிஸ்டத்தை அழைத்தார். திரையில் ஒரே ஒரு வரி வந்தது: 'இந்தக் கம்ப்யூட்டரில் இதை நிறுவ முடியாது.'

அவசர அவசரமாகப் 'பொருத்தக் குழு' கூடியது. தலைவர் சம்பத் சார். செயலாளர் நான். தொழில்நுட்ப வல்லுநர், ஆவடியிலிருந்து வரும் பாபு. லேத்தை ஓவர்ஹால் செய்வதில் அவனுக்கு இணை கிடையாது. கிருஷ்ணப்பிரியா சிறப்பு அழைப்பாளர். பயிற்சிக் காலத்தில் இருப்பவர் உறுப்பினர் ஆக முடியாதல்லவா?

நான் என் அறிக்கையை வாசித்தேன். புதுக் கருவிக்கும் புது ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கும் பத்துப் பொருத்தமும் அமோகம். பழைய கருவிக்கும் பழைய ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கும் நம் கம்ப்யூட்டருக்கும் அப்படியே கூட்டுக்குடும்பப் பொருத்தம். ஆனால் புதுப் பெண் இந்த வீட்டுக்கு வர மாட்டேன் என்கிறாள். பழைய பெண்ணை ஆப் ஸ்டோர்காரன் வாசலிலேயே நிறுத்துகிறான். ஆக மொத்தம் குறை ஆப் ஸ்டோரின் ஜாதகத்தில்தான் என்று முடித்தேன். சம்பத் சார் தலையசைத்துப் பாராட்டினார்.

"மிஷின் பழசுன்னு சொல்றதுக்கு அவன் யாருய்யா?" என்றார். "என் லேத்து எங்கப்பா வாங்குனது. இன்னிக்கும் ஜம்முனு ஓடுது. எந்த டூலாச்சும் அத்தப் பாத்து வர மாட்டேன்னு சொல்லியிருக்கா? டூல் சேரலன்னா டூலைத்தான் தேய்க்கணும். ஏம்மா, அந்தப் புது டூலை ரெண்டு பக்கமும் கொஞ்சம் தேய்ச்சு உள்ள வுட முடியாதா?"

கிருஷ்ணப்பிரியா "அதைத் தேய்க்க முடியாது சார்," என்றார்.

'இளைய தலைமுறையிடம் முயற்சி குறைவு' என்று கூட்டக் குறிப்பில் எழுதிக்கொண்டேன்.

அப்புறம் அவர் ஒரு யோசனை சொன்னார். தன்னிடம் சொந்த லேப்டாப் ஒன்று இருக்கிறது, புதியது, அதில் மதியத்துக்குள் முடித்துவிடலாம் என்று. சம்பத் சாரின் முகம் கறுத்துவிட்டது. "உள்ள மிஷினை வெச்சுகினு வெளிய ஜாப் ஒர்க் குடுத்தா இந்த இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்ல எவனாவது மதிப்பானா?" என்றார். அவருடைய வேதனை வெளியாட்களுக்குப் புரியாது. சொந்த மிஷின் நிற்கும்போது வேலையை அடுத்த பட்டறைக்கு அனுப்புவது, வீட்டில் அடுப்பு இருக்கும்போது பக்கத்து வீட்டில் சோறு வடிக்கச் சொல்வது மாதிரி. யோசனை ஒருமனதாக நிராகரிக்கப்பட்டது. சிறப்பு அழைப்பாளருக்கு ஓட்டு கிடையாது.

அப்போதுதான் பாபு தொண்டையைக் கனைத்தான். "மொதலாளி, இது ஒரு மேட்டரே இல்ல. உள்ள தூசி அடைச்சுகினு கீது. மொத்தமா அவுத்து, காத்தடிச்சு, எண்ணெ போட்டம்னா புச்சு மாரி ஆயிடும். புச்சு ஆயிட்டா அதுவே ஒத்துக்கும்." தீர்மானம் நிறைவேறியது.

வியாழக்கிழமை மதியத்துக்குள் கம்ப்யூட்டர், செய்தித்தாள் விரித்த தரையில் உதிரி உதிரியாகப் படுத்திருந்தது. பட்டறை கம்ப்ரஸரால் பாபு காற்றடித்தான். ஃபேனுக்கு ஸ்பிண்டில் ஆயில் விட்டான். ஒரு பாகத்தைப் பூட்டிப் பார்த்ததில் சில ஸ்குரூக்கள் மிஞ்சின. மிஞ்சினால் நல்லது, வெயிட் குறைந்து ஸ்பீடு ஏறும் என்று விளக்கினான். சம்பத் சார் பெருமையோடு என்னைப் பார்த்தார்.

வெள்ளிக்கிழமை வந்துவிட்டது. மிஷின் இன்னும் தரையில்தான் கிடந்தது. கிருஷ்ணப்பிரியா ஒரு பையைத் தூக்கிக்கொண்டு கேன்டீனுக்குப் போனார். போனவர் வெகு நேரம் வரவில்லை. மாலை நான்கரை வாக்கில் சம்பத் சாரின் போன் சிணுங்கியது. 'லாரி வருது' புதிய பதிப்பு வந்துவிட்டதாக அது சொன்னது. அவர் போனைப் பார்த்தார். தரையில் கிடந்த பாகங்களைப் பார்த்தார். கண்கள் பளபளத்தன.

"பாத்தியாய்யா," என்றார் என்னிடம். "அவுத்துப் போட்டதுக்கே வேலை செஞ்சுருச்சு."

அந்த மாலையை நினைத்தால் இன்றைக்கும் புல்லரிக்கிறது. தேங்காய் உடைத்தோம். ஒவ்வொரு பாகத்துக்கும் தனித்தனியாகச் சந்தனம் வைத்தோம். மதர்போர்டுக்கு மட்டும் மல்லிகைச் சரம். பக்கத்துப் பட்டறைகளுக்கெல்லாம் மைசூர்பாகு போயிற்று. பிரஷர் குக்கர் கம்பெனி சூப்பர்வைசர் ஒருவர் தன் வீட்டுக் கம்ப்யூட்டரையும் அவிழ்த்துப் போடலாமா என்று பாபுவிடம் ஆலோசனை கேட்டார். கிருஷ்ணப்பிரியாவும் ஒரு துண்டு வாங்கிச் சாப்பிட்டார். அவர் முகத்தில் அவ்வளவு சிரிப்பை நான் அதுவரை பார்த்ததில்லை. திங்கட்கிழமை பர்மனென்ட் ஆர்டர் வந்துவிடும் என்று நினைத்திருப்பார்.

திங்கட்கிழமை குழு கூடியது. யாரும் தொடாமல், கரண்ட் கூட இல்லாமல் மிஷின் தானாகவே வேலையை முடிக்கிறது என்பது இப்போது நிரூபணமாகிவிட்டதால், டிவிஷனுக்கு இனி ஆள் எதற்கு என்ற கேள்வியைச் சம்பத் சார் மிகுந்த மனவருத்தத்தோடு எழுப்பினார். கிருஷ்ணப்பிரியா எழுந்துவிட்டார்.

"சார், அது மிஷின் செஞ்சதில்ல. கேன்டீன்ல உக்காந்து என் லேப்டாப்ல நான் செஞ்சேன். இல்லன்னா ஆப் போயிருக்கும்."

அவர் என் பக்கம் திரும்பினார். "தினகரன் சார், வெள்ளிக்கிழமை பூரா ஹார்டு டிஸ்க் உங்க மேஜை மேலதான இருந்துச்சு? நீங்களே சொல்லுங்க."

இருந்தது. என் டீ கிளாஸைக்கூட அதன்மேல்தான் வைத்திருந்தேன். ஆனால் அன்றைய கூட்டத்தின் பொருளில் டீ இடம்பெறவில்லை. ஆகவே நான் வாய் திறக்கவில்லை. பாபு தன் கையில் இருந்த எண்ணெய்க் கறையைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

குழு இரு தரப்பையும் நடுநிலையோடு ஆராய்ந்தது. ஆணையை நான்தான் எழுதினேன், என் பணிக்காலத்திலேயே சிறந்த வாசகம்: 'வேலையை மிஷினே செய்துவிட்டபடியால் தங்கள் சேவை தேவைப்படவில்லை. அதே வேலையைத் தாங்கள் வெளியில் செய்துவிட்டபடியால் தங்கள் சேவை ஏற்கத்தக்கதல்ல.'

"ரெண்டுல ஒண்ணுதான சார் நடந்திருக்க முடியும்?" என்று கேட்டார் கிருஷ்ணப்பிரியா. ஆணையில் ஒன்றுக்கு இரண்டாகக் காரணம் இருப்பது ஆணைக்கு பலம் என்று பொறுமையாக எடுத்துச் சொன்னேன்.

மிஷினை இப்போது முழுதாகப் பூட்டிப் பீடத்தில் ஏற்றியாகிவிட்டது. ஆன் ஆவதில்லை. அவிழ்த்தால்தான் வேலை செய்யும் ரகம் என்பது பாபுவின் கண்டுபிடிப்பு. அதனால் அடுத்த பதிப்புக்கு மறுபடி அவிழ்த்துப் போட நல்ல நாள் பார்த்திருக்கிறோம்.

கிருஷ்ணப்பிரியா கிளம்பும்போது மிஷின் எதிரில் கொஞ்ச நேரம் நின்று, அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனார். வேலையை விட்டுப் போகிற பெண்கூட நம் மிஷினைப் பாராட்டிவிட்டுப் போகிறதே என்று சம்பத் சார் நெகிழ்ந்துபோனார். பெயின்டரை வரவழைத்து, அதை அப்படியே பீடத்துக்கு மேலே சுவரில் பெரிய எழுத்தில் எழுதச் சொல்லிவிட்டார். யார் வந்தாலும் முதலில் அதைத்தான் காட்டுகிறோம். நீங்களும் ஒருநாள் வந்து படிக்க வேண்டும்:

"என்னால முடியாதுன்னு இந்த ஆபீஸ்ல உண்மையைச் சொன்னது இந்த மிஷின் ஒண்ணுதான்."