இரண்டாவது டிவிடியும் மாடிவீட்டுக் குதிரையும்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே நானும் உன் அத்தானும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். அங்கே நீயும் உன் மனைவியும் பிள்ளைகளும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்பி மேலே எழுதுகிறேன். போனிலேயே சொல்லலாம்தான். ஆனால் நான் இரண்டு வாக்கியம் முடிப்பதற்குள் நீ சிரிக்க ஆரம்பித்துவிடுகிறாய், உன்னால் எனக்கும் சிரிப்பு வந்து, சொல்ல வந்த விஷயம் அந்தரத்தில் நின்றுவிடுகிறது. வீட்டுச் சொந்தக்காரரான மாடிக்காரர் எங்களைக் காலி செய்யச் சொன்னதாகக் கேள்விப்பட்டு, உன் பக்கத்துத் தெருவில் எங்களுக்கு வீடு பார்க்கிறாயாம். காலி செய்யச் சொன்னது உண்மை. வீடு பார்ப்பதை உடனே நிறுத்து. இரண்டுக்கும் நடுவில் என்ன நடந்தது என்று ஒழுங்காகச் சொன்னால்தான் உனக்குப் புரியும்.

உன் அத்தான் வேலையில் இருந்த காலம் முழுக்க லிஃப்ட் ஆய்வாளர். கயிறு தேய்ந்திருக்கிறதா, கதவு சரியாக மூடுகிறதா என்று பார்த்தே பழகிய மனுஷர், ஓய்வு பெற்ற மறுநாளே என் சமையலறை அலமாரிக் கதவுகளை ஒவ்வொன்றாகத் திறந்து மூடிப் பார்க்க ஆரம்பித்தார். அதனால் அவருக்கு ஒரு பொழுதுபோக்கு அகப்பட்டபோது அவரைவிட அதிகம் சந்தோஷப்பட்டது நான்தான். டிவிடி சேர்ப்பது. படம் பார்ப்பதற்காக என்று நினைத்துவிடாதே, படம் அவருக்கு வேண்டவே வேண்டாம். முன்பெல்லாம் டிவிடியில் படத்தோடு சேர்த்து சில சங்கதிகள் வைப்பார்களே, படம் எடுத்த கதை, வெட்டிப் போட்ட காட்சிகள், படம் ஓடும்போதே டைரக்டர் கூடவே பேசிக்கொண்டு வருவது, அதெல்லாம்தான் வேண்டும். அவற்றுக்கு அவர் வைத்த பெயர் 'இணைப்பு'. நான் வைத்த பெயர் 'மிச்சம் மீதி'. "படம் போன்லயே கிடைக்குது. இந்த இணைப்பு எங்கயும் கிடைக்காது. ஜனங்க டிவிடியக் குப்பையில போடறாங்க, போடாததெல்லாம் தானா வீணாப்போகுது. இப்ப எடுத்து வைக்கலைன்னா அவ்வளவுதான்" என்று, ஏதோ லிஃப்ட் கயிறு அறுந்துவிட்ட மாதிரி பதறுகிறார்.

அவருக்கு இரண்டு கூட்டாளிகள். ஒருவர் தெருமுனை மருந்துக்கடைக்காரர். வெட்டிப் போட்ட காட்சிகள் என்றால் அவருக்கு உயிர். இன்னொருவர் கணக்கு டீச்சர். அந்தம்மாவுக்கு டைரக்டர் பேச்சு மட்டும்தான் பிடிக்கும், கண்ணை மூடிக்கொண்டு கேட்பார், நடுவில் யாராவது இருமினால் வகுப்பறைப் பார்வை பார்ப்பார். மூன்று பேரும் சேர்ந்து வீடு வீடாகப் போய், வேண்டாத டிவிடிகளைக் கேட்டு வாங்கி வந்து, நம் முன்னறையில் வைத்து ஒவ்வொன்றாகக் கணினியில் ஏற்றுகிறார்கள். ஒன்றையும் விடக்கூடாது, எதையும் வெட்டக்கூடாது என்பது உன் அத்தான் போட்ட சட்டம். அந்தச் சட்டப்படி, டிவிடியைப் போட்டவுடன் முதலில் வருகிற பக்கம் இருக்கிறதே, 'படம் பார்க்க', 'பாட்டு கேட்க' என்று எழுதி, பின்னால் ஒரே இசைத்துண்டு திரும்பத் திரும்ப ஓடும், அதையும் ஏற்ற வேண்டுமாம். ஒரு பேய்ப்பட டிவிடி அப்படி ஒரு வாரம் ஓடியது. கதவு கிரீச்சென்று திறக்கும், ஒரு பெண் மெல்லச் சிரிப்பாள், மறுபடி கதவு. நான் வேலை பார்க்கும் பல் மருத்துவமனையின் வரவேற்பில் உட்கார்ந்து என்னை அறியாமல் அதையே முனகியிருக்கிறேன். பல் பிடுங்க வந்த ஒரு ஆள் என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "எனக்கு வலி நின்னுபோச்சுங்க" என்று எழுந்து போய்விட்டார். டாக்டர் என்னைக் கூப்பிட்டு, "வீட்டுல எல்லாரும் சௌக்கியமா?" என்று விசாரித்தார்.

அதாவது பரவாயில்லை. சில டிவிடிகளில் யாருக்கும் சொல்லாமல் ஒரு காட்சியை ஒளித்து வைத்திருப்பார்களாம், ரிமோட்டில் எதையெதையோ வரிசையாக அமுக்கினால்தான் திறக்குமாம். கணக்கு டீச்சர் அதைக் கணக்குப்போட்டுக் கண்டுபிடிக்கிறேன் என்று உட்கார்ந்தார். இடது, இடது, மேலே, வலது என்று அமுக்கிக்கொண்டே போனதில், ஒளித்து வைத்த காட்சி வரவில்லை, நம் டிவியின் பாஷை மாறிவிட்டது. என்ன பாஷை என்று இன்றுவரை யாருக்கும் தெரியவில்லை. எழுத்தெல்லாம் கொக்கி கொக்கியாக இருக்கிறது. சத்தத்தைக் குறைப்பது எது, அணைப்பது எது என்று குத்துமதிப்பாக அமுக்கித்தான் காலம் தள்ளுகிறோம்.

இப்போது மாடிக்காரர் விஷயத்துக்கு வருகிறேன். கீறல் விழுந்த டிவிடிகளைப் பற்பசை தடவி மெதுவாகத் துடைத்தால் சரியாகும் என்று மருந்துக்கடைக்காரர் சொன்னார். காலையில் பல் துலக்கப் போனால் குழாயில் பசை இல்லை, சப்பையாகக் கிடக்கிறது. உன் அத்தானோ வராந்தாவில் உட்கார்ந்து டிவிடிகளுக்குப் பல் துலக்கிக்கொண்டிருக்கிறார். துடைத்துக் கழுவியதையெல்லாம் என் துணிக்கொடியில், நடு ஓட்டையில் கிளிப் மாட்டி வரிசையாகக் காயப்போட்டுவிட்டார். வெயில் ஏற ஏற அத்தனையும் காற்றில் சுழன்று பளீர் பளீரென்று அடிக்க, அந்த வெளிச்சம் நேராக மாடி ஜன்னலுக்குள் போயிருக்கிறது. மாடிக்காரர் அப்போது சவரம் செய்துகொண்டிருந்தாராம். பாதி மீசை இல்லாமல் இறங்கி வந்தார்.

"இது வீடா, கலங்கரை விளக்கமா? தினமும் பேய் சிரிக்குது, கதவு கிரீச்சுங்குது, இப்போ கண்ணையும் பறிச்சாச்சு. போதும்ப்பா. வேற இடம் பாத்துக்குங்க."

அந்தப் பாதி மீசையைப் பார்த்தால் யாரால் பேச முடியும்? இத்தனை வருஷம் இருந்த வீடு, மருத்துவமனைக்கு நடந்தே போய்விடலாம், தண்ணீருக்குக் கஷ்டமில்லை. இதையெல்லாம் மிச்சம் மீதிக்காக விட வேண்டுமா என்று உன் அத்தானை ஒரு பார்வை பார்த்தேன். அவர் பார்வையோ மாடிக்காரர் கையில் இருந்தது. கோபத்தில் கொடியிலிருந்து ஒரு டிவிடியை உருவிக்கொண்டவர், அதன் மேல் இருந்த படத்தைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். ராஜா காலத்துச் சண்டைப் படம், ஒரே குதிரையாக ஓடும். அவர் குரல் இறங்கிப்போய்விட்டது.

"இந்தப் படத்துல குதிரை நான்தான்."

எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகு படியில் உட்கார்ந்து சொன்னார். டைல்ஸ் வியாபாரத்துக்கு வருவதற்கு முன்னால் அவர் ஒரு ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலை பார்த்தாராம். படத்தில் காலடிச் சத்தம், மழைச் சத்தம், கத்திச் சத்தம் எல்லாம் அங்கே கையால்தான் செய்வார்களாம். இந்தப் படத்தில் குதிரைக் குளம்புச் சத்தம் முழுக்க அவர் செய்தது. அவர் செய்யும்போது ஒரு கேமராக்காரர் வந்து படம் பிடித்தாராம், அது டிவிடியில் வருமென்று சொன்னார்களாம். "வீட்டுல யாரும் நம்பல. என் சம்சாரம் இன்னிக்கும் நான் அங்க ஒயர் சுத்திக்கிட்டு இருந்தேன்னுதான் எல்லார்கிட்டயும் சொல்றா." அதற்குள் மாடியிலிருந்து மாடியம்மா குரல்: "ஒயர்தான் சுத்தினாரு!"

உன் அத்தான் அந்த டிவிடியை வாங்கித் திருப்பிப் பார்த்தார். "இது முதல் டிவிடி. இதுல படமும் டைரக்டர் பேச்சும்தான். படம் எடுத்த கதை இருக்கறது ரெண்டாவதுல. அது நம்மகிட்ட இல்லை" என்றார். மாடிக்காரர் எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டு, "எனக்கு எப்பவுமே அப்படித்தான்" என்று சொல்லிவிட்டுப் படியேறினார். காலி செய்யச் சொன்னதை அவர் வாபஸ் வாங்கவில்லை. ஆனால் உன் அத்தானுக்கு வீடு போவது மறந்தே போய்விட்டது, இரண்டாவது டிவிடி இல்லாததுதான் அவருக்குத் துக்கம்.

அதன் பிறகு மூன்று பேரும் தேடாத இடமில்லை. மருந்துக்கடைக்காரர் மாத்திரை வாங்க வருகிறவர்களிடமெல்லாம் குதிரைப்படம் இருக்கிறதா என்று கேட்டார். கடைசியில் கண்ணில் பட்டது எனக்குத்தான். கடைத்தெருவில் முன்பு டிவிடி வாடகைக்கு விட்ட கடை இருந்த இடத்தில் இப்போது ஒரு தையல்காரர் இருக்கிறார். ரவிக்கை தைக்கக் கொடுக்கப் போயிருந்தேன். அவர் துணியை விரித்து, ஆணியில் மாட்டியிருந்த ஒரு டிவிடியை எடுத்துக் கழுத்துப் பக்கம் வைத்து, சாக்கட்டியால் சுற்றி வளைவு போட்டார். அந்த டிவிடியில் குதிரை ஓடுகிறது, பக்கத்தில் '2' என்று போட்டிருக்கிறது.

"இத எனக்குத் தர்றீங்களா?"

"எப்படிம்மா தர்றது? கடைய எடுத்தப்பவே இது இங்க கிடந்துச்சு. இந்தத் தெருவுல பாதிப் பேரு கழுத்து இதுல வெட்டினதுதான்."

உன் அத்தானைப் போனில் கூப்பிட்டேன். ஒரு பை நிறைய டிவிடியோடு ஓடி வந்தார். எல்லா டிவிடியும் ஒரே அளவுதான் என்று ஒன்றன்மேல் ஒன்று வைத்துக் காட்டினார். தையல்காரர் மசியவில்லை, "அளவு ஒண்ணுதான் சார், ஆனா இது கைக்குப் பழகினது" என்றார். அப்புறம் ஒவ்வொன்றாகக் காகிதத்தில் வைத்து வளைவு போட்டுப் பார்த்து, கடைசியில் அந்தப் பேய்ப்படத்தைத் தேர்ந்தெடுத்தார். இப்போது நம் தெருவில் பெண்களின் கழுத்தெல்லாம் பேய் வெட்டிய கழுத்து. என் ரவிக்கைக்கு நன்றாகவே அமைந்திருக்கிறது.

டிவிடியைக் கொண்டுவந்து பார்த்தால் சாக்கட்டித் தூளும் ஊசிக் கீறலுமாக இருந்தது. இந்த முறை பற்பசையை நானே எடுத்துக் கொடுத்தேன். சேதி தெரிந்து மாடிக்காரர் இறங்கி வந்து, சோபா நுனியில், பரீட்சை முடிவுக்குக் காத்திருப்பவர் மாதிரி உட்கார்ந்தார். பின்னாலேயே மாடியம்மா. "குதிரையப் பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்" என்று சொல்லிவிட்டு நின்றுகொண்டே இருந்தார். டிவிடி ஓட்ட எங்களிடம் மூன்று பெட்டிகள். முதல் பெட்டி டிவிடியை வெளியே தள்ளியது. இரண்டாவது பெட்டி உறுமிவிட்டுத் தள்ளியது. கடைசிப் பெட்டி, மூடியைக் கையால் அமுக்கிப் பிடித்தால்தான் ஓடும், அதில் போட்டு உன் அத்தான் மூச்சைப் பிடித்துக்கொண்டு அமுக்கிக்கொண்டே நின்றார்.

டைரக்டர் வந்து பேசினார். கவசம் செய்தவர் பேசினார். படம் கட்டம் கட்டமாக உடைந்து நின்றது, எல்லோரும் 'ஐயோ' என்றோம், மறுபடி ஓடியது. அப்புறம் ஒரு அறை. தலை நிறைய முடியோடு ஒரு ஆள் மண்டிபோட்டு, மணல் கொட்டிய தட்டில் இரண்டு மரக் கிண்ணங்களைக் கவிழ்த்துப் பிடித்து, டக்கடக் டக்கடக் என்று அடிக்கிறார். கன்னம் உப்ப, தலையைச் சிலுப்பி, வாயாலேயே கனைக்கிறார். நம் மாடிக்காரரேதான்! முகத்தில் அப்படி ஒரு ஆனந்தம். நிஜக் குதிரைக்குக்கூட ஓடும்போது அவ்வளவு சந்தோஷம் இருக்குமா தெரியாது. மருந்துக்கடைக்காரர் மூக்கை உறிஞ்சினார். மாடிக்காரர் மெல்லத் திரும்பி மனைவியைப் பார்த்தார்.

மாடியம்மா டிவிக்குப் பக்கத்தில் போய்க் குனிந்து பார்த்தார்.

"அது என் கிண்ணம்!"

மாடிக்காரர் முகத்தில் இருந்த வெற்றி அப்படியே வடிந்துவிட்டது. "அது வந்து... அந்தச் சத்தம் வேற கிண்ணத்துல வரல..."

"ரெண்டு கிண்ணத்தையும் உங்க தங்கச்சிதான் தூக்கிட்டுப் போயிட்டான்னு இத்தனை வருஷமா அவகிட்ட நான் முகங்கொடுத்துப் பேசல! கல்யாணத்துக்கு வந்தப்போகூடத் தண்ணி குடிக்கிறியான்னு கேக்கல! நீங்களும் வாய மூடிக்கிட்டு இருந்தீங்களே!"

"நான் குதிரைன்னு சொன்னப்போ நீ நம்பியிருந்தா, கிண்ணத்தப் பத்தியும் சொல்லியிருப்பேன்" என்றார் அவர்.

மாடியம்மா என் போனை வாங்கி, அங்கேயே நாத்தனாரைக் கூப்பிட்டார். "நான்தான் பேசறேன். வெச்சுடாத. கிண்ணம் கிடைச்சுடுச்சு... இல்லல்ல, டிவியில கிடைச்சுது" என்று ஆரம்பித்து, அழுது, சிரித்து, நடந்ததையெல்லாம் சொல்லி, என் போன் சூடாகிற வரைக்கும் பேசினார். அவ்வளவு நேரமும் உன் அத்தான் பெட்டி மூடியிலிருந்து கையை எடுக்கவில்லை. அந்த இணைப்பு கடைசிவரை கணினியில் ஏறிய பிறகுதான் தண்ணீர் கேட்டார்.

மீதி மீசையையும் என்றோ எடுத்துவிட்டிருந்த மாடிக்காரர் மறுநாள் வந்து, காலி செய்ய வேண்டாம் என்றதோடு, மாடியில் சும்மா கிடக்கும் சின்ன அறையை டிவிடிகள் வைத்துக்கொள்ளச் சொல்லிச் சாவி கொடுத்தார். முன்னறை எனக்குத் திரும்பக் கிடைத்துவிட்டது. நாத்தனாரும் வந்து போயாயிற்று. வருகிறவர் போகிறவர்களுக்கெல்லாம் மாடியம்மாவே ரிமோட்டை எடுத்து, "எங்க வீட்டுக்காரரு எப்படிக் கனைக்கிறாரு பாருங்க" என்று போட்டுக் காட்டுகிறார். நானும் இப்போது இணைப்பு என்றே சொல்கிறேன், மிச்சம் மீதி என்பதை விட்டுவிட்டேன்.

உன் மனைவிக்கு என் அன்பைச் சொல். பிள்ளைகள் நன்றாகப் படித்து, நன்றாக விளையாடி, கண்ணுக்கு அருகில் போனை வைக்காமல் நீண்ட காலம் நல்லபடியாக இருக்க வேண்டும். நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டு, எல்லோரும் மெச்ச வாழ வேண்டும் என்று மனதார வாழ்த்தும்

உன் அக்கா

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது மாடி அறையிலிருந்து கணக்கு டீச்சர் அவசரமாகக் கூப்பிட்டார். முதல் டிவிடியில் டைரக்டர் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தாராம். குதிரைகள் பாய்ந்து வரும் இடத்தில் டைரக்டர் சொல்கிறார்: 'கையால் செய்த சத்தம் எனக்குத் திருப்தியாக இல்லை, கடைசியில் அத்தனையையும் எடுத்துவிட்டு நிஜக் குதிரையைப் பதிவு செய்து போட்டோம்.' ஆக, படத்தில் மாடிக்காரர் சத்தம் ஒரு துளிகூட இல்லை. உன் அத்தான் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். எதையும் வெட்டக்கூடாது என்று சட்டம் போட்டவர், தம்பி, கையில் மவுஸைப் பிடித்துக்கொண்டு, "இந்த ஒரு வரிய மட்டும்..." என்று இழுத்தார். அப்போதுதான் பார்த்தோம், மாடியம்மா வாசற்படியில் நிற்கிறார், எல்லாம் கேட்டுவிட்டார். "ஒண்ணும் வெட்ட வேண்டாம், அப்படியே வைங்க" என்றார். "அந்த டைரக்டருக்குக் குதிரையப் பத்தி என்ன தெரியும்?" ஆகவே நீ இங்கே வரும்போது யார் கேட்டாலும் சரி, குதிரை அவர்தான்.