உறைக்குள் இருந்த ஓட்டைவாய்

அயல்நாடு ஒன்றுக்குத் தூதர் தேவைப்பட்டார். மந்திரியின் மச்சினர் சும்மா இருந்தார். ஆகவே தகுதியான நபரைத் தேடும் பணி முறைப்படி தொடங்கிற்று.

மச்சினரின் குணநலனை விசாரிக்கும் பொறுப்பு சரிபார்ப்புப் பிரிவு மேலாளர் தலையில் விழுந்தது. ஓய்வுக்கு நாலே மாதம். பெயர் கெடாமல் வீடு போய்ச் சேர்ந்தால் போதும் என்றிருந்தார், பாவம்.

மச்சினர் நல்ல மனிதர். கொடுத்த தேநீர் ஆறுவதற்குள், எல்லைப் பேச்சுவார்த்தையில் நாம் எதுவரை விட்டுக்கொடுப்போம் என்பதைக் கொட்டித் தீர்த்துவிட்டார்.

"யார்கிட்டயும் சொல்லிடாதீங்க சார். மாமா என்னை நம்பித்தான் சொன்னாரு."

'இவர் வாயில் எதுவும் நிற்காது; அனுப்பக் கூடாது' என்று மேலாளர் எழுதினார். அத்தாட்சியாக அவர் உளறியதையும் இணைத்தார். அதில் அரசு ரகசியம் இருந்ததால், உறைமேல் 'பரம ரகசியம்' என்று முத்திரை விழுந்தது.

தேர்வுக் குழுவினருக்கோ சாதா ரகசியம் வரைதான் படிக்க அனுமதி. உறையை மேசை நடுவில் வைத்து, சுற்றி உட்கார்ந்து, பயபக்தியோடு பார்த்தார்கள்.

"ஜாடையாவது காட்டக் கூடாதா?" என்றார் தலைவர்.

"ஜாடைக்கும் அனுமதி வேணும் ஐயா" என்றார் மேலாளர்.

"அப்ப பாதகமா எதுவும் எங்க பார்வைக்கு வரல. எழுதிக்கோ."

மச்சினர் விமானம் ஏறினார். ஒரே வாரத்தில் எல்லை விவகாரம் அந்நாட்டுப் பத்திரிகைகளில் கொட்டை எழுத்தில் வந்தது.

"ஏன்யா முன்னாடியே சொல்லல?" என்று தலைவர் குதித்தார்.

மேலாளர் உறையைப் பிரித்து நீட்டினார். தலைவர் கண்களை இறுக மூடிக்கொண்டார்.

"மூடுய்யா! அனுமதியில்லாத ஆள்கிட்ட காட்டுறியே, இது குற்றம்!"

அன்றே தற்காலிகப் பணிநீக்கம். மேலாளர் மேல்முறையீடு செய்தார். அறிக்கை சரியா என்று பார்க்க, பரம ரகசியம் படிக்கும் தகுதியுள்ள அதிகாரி தேவைப்பட்டார். தூதர்களுக்கு மட்டுமே அந்தத் தகுதி உண்டாம். கோப்பு கடல் கடந்து மச்சினரிடமே போயிற்று.

அவர் ஒரு வரி விடாமல் படித்தார். 'அனைத்தும் உண்மை' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார். அந்தப் பதிலும் பரம ரகசியம் என்பதால் குழு அதையும் பிரிக்கவில்லை. மேலாளரின் பணிநீக்கம் நிரந்தரமாயிற்று.

மச்சினர் வாய் சும்மா இருக்குமா? தொலைக்காட்சியில் அறிக்கை விஷயம் வரை எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். எதையும் மறைக்காத உத்தமர் என்று ஊரே கொண்டாடியது. தேர்தலில் நிற்க வைத்தது.

ஓட்டுப்போடக் கிளம்பிய மனைவியிடம் மேலாளர் வயிறெரியக் கேட்டார்: "நீயும் அவனுக்கா?"

"பின்னே? நீங்க எழுதினது சரின்னு சொன்ன ஒரே மனுஷன் அவர்தானே?"

 மேலாளரும் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.