சிவப்பு ஒட்டிய பெட்டிகள்

அவசரப்பிராணி என்று ஓர் இனம் உண்டு. அதைத் தேடிக் காட்டுக்குப் போகவேண்டாம். பார்சல் அனுப்பும் எந்தக் கந்தோரிலும் மேசைக்குப் பின்னால் பார்க்கலாம்.

காத்தான்குடியில் இருப்பதற்குப் பெயர் றுஸ்தி, பதவி மேலாளர். காலையில் இரண்டு காதிலும் இரண்டு போன், வாயில் பிரஷர் குளிசை, கையில் 'அவசரம்' என்று அச்சடித்த சிவப்பு ஸ்டிக்கர் சுருளுமாக வருவார். சீப்புப் பெட்டியோ செருப்பு மூட்டையோ, கண்ணில் பட்டதிலெல்லாம் ஒட்டுவார். ஒட்டிவிட்டு "தலை வெடிக்குது" என்பார். வெடித்ததில்லை. கிளார்க் அஸீமா கோப்பையைத் தொட்டால் "இப்பவா தேத்தண்ணி?" லொறிச் சாரதி பஸ்லானுக்கு வழிநெடுகப் போனில் பன்னிரண்டு கோல். தலைவலி அவர்களுக்குத்தான்.

அன்று அவருக்கே மெய்யான அவசரம். ஓட்டமாவடியில் உம்மாவுக்கு இன்சுலின் முடிந்துவிட்டது. அங்கே எந்தப் பார்மசியிலும் இல்லை. பகல் சாப்பாட்டுக்கு முன் ஊசி போட்டாகவேண்டும். தானே கொண்டுபோயிருக்கலாம். ஆனால், தான் இல்லாவிட்டால் கந்தோர் நின்றுவிடும் என்பது இந்த இனத்தின் நம்பிக்கை அல்லவா? ஐஸ் வைத்துப் பெட்டி கட்டி, மூன்று ஸ்டிக்கர் ஒட்டி, அஸீமாவிடம்கூடச் சொல்லாமல், அந்த வழியாகப் போகும் பஸ்லானின் பொலன்னறுவை லொறியில் அனுப்பினார்.

பதினொரு மணிக்கு உம்மா போனில் பேசினார். "லொறி வந்து போயிட்டு மனே. பெட்டி வரல்ல."

றுஸ்தி பஸ்லானுக்குக் கோல் எடுத்தார். எடுத்தார், எடுத்தார். அவருடைய கோலுக்கு யார் பதில் சொல்வார்? "உம்மாட மருந்து" என்றபடி கதிரையில் உட்கார்ந்துவிட்டார். பாவமாகத்தான் இருந்தது. அஸீமா தன் போனில் பஸ்லானுக்கு ஒரே தடவை கோல் எடுத்தாள். உடனே பேசினான்.

"என்ன ராத்தா, நீங்க எடுக்கிறீங்க?"

"சேர்ர உம்மாட மருந்து உன்ர லொறியில கிடக்கு. திருப்பு."

"இந்தா திருப்பிட்டன்."

பன்னிரண்டுக்குள் பெட்டி சேர்ந்தது. எல்லாச் சாமானுக்கும் அடியில் கிடந்ததாம். ஐஸ் பாதி மிச்சமாம்.

"அத ஏன் அடியில போட்ட?" என்று சாமான் ஏற்றும் முகைதீன்பாவாவிடம் பாய்ந்தார் றுஸ்தி.

"சிவப்பெண்டா அடியிலதானே சேர். திரும்பி வரக்க இறக்குவம். மெய்யான அவசரமெண்டா அஸீமா ஸ்டிக்கரக் கழட்டித் தருவா. அது முன்னுக்கு."

றுஸ்தி ஸ்டிக்கர் சுருளை மேசைக்குள் வைத்துப் பூட்டினார். திருந்திவிட்டார் என்றுதானே நினைக்கிறீர்கள்? மறுநாள் நாற்பத்திரண்டு பெட்டியில் ஒன்றிலும் ஸ்டிக்கர் இல்லை. அவரே அதிகாலையில் வந்து எல்லாவற்றையும் கழட்டியிருந்தார். நாற்பத்திரண்டும் முன்னுக்குப் போகவேண்டுமாம்.

சிரிக்கிறீர்களா? நேற்று உங்கள் கந்தோரில் ஒருவருக்கு அனுப்பிய செய்தியில் எத்தனை 'உடனே' போட்டீர்கள்? இன்னும் பதில் வரவில்லையா?

உங்கள் பெட்டியும் அடியில்தான் கிடக்கிறது.