கறிக்குக் காவல்

"தாத்தா, கொஞ்சம் நில்லுங்க. மெஷின் கத்துது."

கத்தாமல் என்ன செய்யும்? பெரியவர் கையில் இருந்தது எவர்சில்வர் தூக்குவாளி. கான்ஸ்டபிள் சுடலைச்செல்விக்கும் அது தெரியும். ஆனாலும் நிறுத்தினாள். காலையிலிருந்து அவளிடம் ஒரு ஈ காக்கா பேசவில்லை.

பொது இடத்தில் யாரை வேண்டுமானாலும் நிறுத்தி, கத்தி இருக்கிறதா என்று பார்க்கலாம், காரணம்கூடச் சொல்ல வேண்டாம் என்று புது உத்தரவு. கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டின் கிழக்கு வாசலில் செல்வியை நிறுத்தி, கையில் ஒரு ஸ்கேனரையும் கொடுத்தார்கள். அன்றோடு ஊரே மேற்கு வாசலுக்கு மாறிவிட்டது. எல்லாரும் கத்தியோடா திரிகிறார்கள்? நாலு பேர் பார்க்க இடுப்பைச் சுற்றி மெஷின் காட்டினால் எவருக்குத்தான் கூச்சமாக இருக்காது? தினமும் "சாப்டியாட்டி?" என்று கேட்ட பூக்காரி பிரேமலதாகூடக் கூடையைத் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டாள்.

ஓட்டப்பிடாரத்திலிருந்து வந்து ஒற்றை அறையில் குடியிருக்கிற செல்விக்கு, பகலில் இந்த வாசல், ராத்திரியில் அந்த நாலு சுவர். இப்படியே போனால் பேச்சே மறந்துவிடும் என்று அவளுக்குப் பயமாக இருந்தது.

"வாளிக்குள்ள என்ன தாத்தா?"

"ஆட்டுக்கறிக் கொழம்பு தாயி. எந்தங்கச்சி கற்பகம் இங்கனதான் இருக்கா. ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம குடுத்துவிடுவா. எனக்கு நாகலாபுரம். பேரு நல்லக்கண்ணு."

கேட்காமலே பேரைச் சொன்ன மனிதர்! செல்விக்கு மனசு குளிர்ந்துவிட்டது. "சரி, போயிட்டு வாங்க."

பெரியவர் நகரவில்லை. "பையையும் பாத்துரு தாயி. சட்டம்னா சட்டந்தான?"

இப்படியும் ஒரு யோக்கியரா என்று வியந்துகொண்டே செல்வி பைக்குள் கையை விட்டாள். துண்டில் சுற்றி, அரைச்சாண் நீளத்தில் ஒரு கத்தி.

"ஐயையோ, இது எதுக்கு?"

"கறிக்குக் காவலாம். கற்பகம் வச்சிவிட்டா."

செல்விக்குப் புரிந்தது. அவள் அம்மாவும் கறிக்குழம்பை வாசல்படி தாண்ட விட்டால், கூடவே ஒரு இரும்பை வைத்துத்தான் அனுப்புவாள். கறி வாசனைக்குப் பேய் பின்னாலேயே வருமாம். இரும்பு இருந்தால் கிட்டே அண்டாதாம்.

ஆனால் எஸ்.ஐ. வேல்ராஜ் காலையில்தான் சத்தம் போட்டிருந்தார். "இத்தன நாள்ல ஒரு கத்தியும் சிக்கலியா? சாயங்காலத்துக்குள்ள ஒரு கேஸ் வேணும். இல்லன்னா ஒனக்கு மெமோ!"

கேஸ் தானாக வந்து கண்ணெதிரே நிற்கிறது. ஆனால் தன்னிடம் பேசிய ஒரே ஆளை ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போக யாருக்கு மனசு வரும்? செல்வி சட்டென்று கத்தியைத் தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள்.

"அடுத்த வாரம் வந்து வாங்கிக்கிடுங்க."

"நீயே வச்சிக்க தாயி!" பெரியவர் முகமெல்லாம் சிரிப்பாகக் கிளம்பினார்.

"நில்லுங்க தாத்தா. வீட்ல யாரு இருக்கா?"

"யாருமில்ல. போன வருசம் எம்பொண்டாட்டி பார்வதி போய்ச் சேந்துட்டா. நான் மட்டுந்தான்."

"பஸ்ஸ விட்டு எறங்கி?"

"அதுக்குள்ள இருட்டிரும். கரிசக்காட்டு வழியா நடக்கணும்."

இருட்டில், கறியோடு, கையில் இரும்பில்லாமல்! செல்வி சுற்றுமுற்றும் பார்த்தாள். 'கத்தி கொண்டு வராதீர்' என்ற ஃபிளெக்ஸ் பேனர் ரெண்டு ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. ஒன்றைப் பிடுங்கிப் பெரியவர் பைக்குள் போட்டாள். இன்னொன்று தானாகக் கழன்றது. அந்த நேரம் பார்த்து டீ கிளாஸோடு வந்த எஸ்.ஐ. வேல்ராஜுக்கு, பேனர் தலையோடு பொன்னாடை போர்த்தியது.

டீயில் நனைந்த சட்டையோடு பேனரை விலக்கி வெளியே வந்தவர், "என்ன நடக்குது இங்கன?" என்று ஸ்கேனரைப் பிடுங்கினார். பெரியவரிடம் வாளி கத்தியது, ஆணி கத்தியது. சந்தேகம் தீராமல் செல்வி பக்கம் திருப்பினார். கைப்பை வீறிட்டது.

உள்ளே இருந்து கத்தியை எடுத்துத் தூக்கிப் பிடித்தார். "சபாஷ்! மொதக் கேஸ் சிக்கிருச்சு. அதுவும் நம்ம டிப்பார்ட்மென்ட்லயே!"

வேடிக்கை என்றால் ஊருக்குக் கால் முளைத்துவிடும். மேற்கு வாசல் கூட்டம் மொத்தமும் கிழக்கு வாசலுக்கு ஓடிவந்தது.

"ஏட்டி, நீயா கத்தி வச்சிருந்தே?" என்றாள் பிரேமலதா.

செல்விக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை நாளைக்குப் பிறகு ஒருத்தி பேசினாள், பேசியது இதுதான்.

"கத்தி என்னுதுய்யா," என்று நல்லக்கண்ணு முன்னால் வந்தார். "பிள்ளைய விட்ருங்க. கறிக்குக் காவலா வச்சது. எம்பேர்ல எழுதிட்டு, கத்திய நீங்களே எடுத்துக்கிடுங்க."

கறி என்றதும் வேல்ராஜின் முகம் மாறிவிட்டது. அவரும் எட்டயபுரத்துக்காரர்தானே!

"கூறுகெட்ட பிள்ள, மொதல்லயே சொல்லக்கூடாதா? கறி கொண்டு போறவிய கிட்ட இரும்பப் பறிக்கலாமா? கத்திய நான் குடுக்க முடியாது, சட்டம் இருக்கு. இந்தாங்க பெரியவரே!" என்று தன் மோட்டார் பைக்கின் பழைய சாவியைப் பெரியவர் பைக்குள் போட்டார்.

பிரேமலதா கூடைக் கொக்கியைக் கழற்றிப் போட்டாள். கண்டக்டர் ஒரு போல்ட்டைப் போட்டார். ஆளாளுக்குத் துழாவி, கிடைத்த இரும்பையெல்லாம் போட்டார்கள். "போதும்யா, போதும்யா" என்ற பெரியவரின் முகம் வாடிக்கொண்டே போனது. பிறத்தியார் பாசத்தில் நெகிழ்ந்துவிட்டார் என்று செல்வி நினைத்தாள்.

வாளியையும் பையையும் அவளே தூக்கிக்கொண்டுபோய், பஸ்ஸில் ஜன்னலோரம் அவரை உட்காரவைத்தாள். வாளி கனத்தது. இறங்கி வந்து ஜன்னல் பக்கம் நின்றாள்.

"இம்புட்டும் நீங்க ஒரு ஆளாவா திம்பீங்க தாத்தா?"

நல்லக்கண்ணு அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, பையை மட்டும் ஜன்னல் வழியாக அவள் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

"ஊரே அந்த வாசல்ல போகையில நான் ஒன் வாசலுக்கு எதுக்கு வந்தேன்னு நெனச்சே தாயி? கத்திய நீ பறிச்சிக்கிடுவேன்னுதான். கற்பகம் வச்சத நானாத் தூரப் போட மனசு வரல. பார்வதிக்குக் கறிக்கொழம்புன்னா உசுரு. இரும்பு இல்லன்னா, பின்னாடியே வீட்டுக்கு வந்துருவால்லா?"