அடுப்புக்கு ஐந்து பேர்

இரண்டாவது அடுப்பை எங்கே வைப்பது என்பதில்தான் தகராறு ஆரம்பித்தது.

"ஜன்னல் பக்கம் வச்சா எங்களுக்குப் படுக்க எடம் எங்க இருக்கு?" என்றாள் ஏஞ்சலம்மாள்.

"கதவு பக்கம் வச்சா வர்றவன் போறவன் எல்லாம் கொழம்புல காலை வைப்பான்," என்றாள் இருதயமேரி.

தாராவியில் அந்தக் கோலி, அதாவது ஒற்றை அறை வீடு, பத்தடிக்குப் பத்தடி. அதில் தனசீலன், அவன் மனைவி இருதயமேரி, ஒரு பெண், ஒரு பையன்; தம்பி சேசுராஜ், அவன் மனைவி ஏஞ்சலம்மாள், இரண்டு பையன்கள்; போதாதற்கு, தோல் கிடங்கில் வேலை பார்த்த காலத்தில் அந்தக் கோலியைத் தன் கையாலேயே தகரம் அடித்துக் கட்டிய அப்பா மரியசூசை. ஆக ஒன்பது பேர், ஒரு கதவு, ஒரு ஜன்னல். எட்டு வருஷமாக ஒரே அடுப்பு. ஒருவரும் குறை சொன்னதில்லை. அதாவது, உரக்கச் சொன்னதில்லை.

குறையைக் கிளப்பிவிட்டவன் முனைக் கடையில் டீ ஆற்றும் பூலோகம்.

அது அறுபத்தொன்றாம் வருஷம், பிப்ரவரி மாதம். தேசம் முழுக்க ஜனத்தொகைக் கணக்கு எடுத்துக்கொண்டிருந்தார்கள். கதவுக்குக் கதவு தாரால் நம்பர் போட்டாகிவிட்டது. பூலோகத்தின் கடையில் டீ குடித்த இரண்டு மராத்தி ஆபீசர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டதை அவன் தன் இரண்டு காதாலும் கேட்டிருந்தான்.

"'ஏக் சூல், ஏக் கர்'னு சொன்னான் அண்ணாச்சி. சூல்னா என்ன? அடுப்பு. கர்னா என்ன? வீடு. ஒரு அடுப்புக்கு ஒரு வீடு! செம்பூர்ல சர்க்கார் வரிசையா வீடு கட்டுதானே, அது யாருக்குன்னு நெனச்சிய?"

"நெசமாவா?" என்றான் தனசீலன்.

"கதவு வச்ச வீடு அண்ணாச்சி. உள்ளே ஒரு ரூமு, அதுக்கும் தனிக் கதவு."

தனசீலனுக்கு அந்த உள்கதவுதான் நெஞ்சில் போய் உட்கார்ந்தது. மகள் லூர்துக்குப் பதின்மூன்று வயது. பெரியவளாகி நான்கு மாதம் ஆகிறது. அவள் உடை மாற்ற வேண்டுமென்றால் இருதயமேரி ஒரு சேலையை விரித்துப் பிடித்துக்கொண்டு நிற்பாள். வீட்டு ஆண்கள் அத்தனை பேரும் சந்தில் இறங்கி நின்று வானத்தைப் பார்ப்பார்கள். வடாலாப் பட்டறையில் நாள் முழுக்க அடுத்தவர் வீட்டுக்குக் கதவுக் கீல் அடிக்கிறவன் அவன்.

அன்று மாலையே தம்பியைக் கூப்பிட்டுச் சொன்னான்.

"அடுப்பை ரெண்டாக்கிருவோம்ல. ரெண்டு வீடு கெடைக்கும்."

"அண்ணே, குடும்பம் பிரிஞ்சிட்டுன்னு ஆயிருமே?"

"சும்மா பேருக்குத்தாம்ல. கணக்கெடுக்க வர்றவர் எழுதிட்டுப் போனதும் பழையபடி ஒரே அடுப்பு."

சாம்பல் புதன்கிழமை, தவக்காலத்தின் முதல் நாள். நெற்றியில் பூசிய சாம்பல் கலையாமலே சகோதரர்கள் இருவரும் தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டார்கள். ஜன்னல் பாதி சேசுராஜுக்கு, கதவுப் பாதி தனசீலனுக்கு. நடுவில் ஒரு பழைய சேலை தொங்கியது. அம்மிக்கல்லைப் பாதியாக வெட்ட முடியாததால் அது கோட்டின் மேலேயே இருந்தது.

ஒரு நாள்தான். பேருக்கு வைத்த அடுப்பு உண்மையாகவே எரிய ஆரம்பித்தது.

சேசுராஜ் வேலைக்குப் போக வேண்டுமென்றால் அண்ணன் பக்கத்தைத் தாண்ட வேண்டும். "வெளிய போறோம், வழி விடுங்க," என்று ஏஞ்சலம்மாள் சேலைக்குப் பின்னாலிருந்து அறிவிப்புக் கொடுப்பாள். இருதயமேரி அடுப்பு மூட்டினால் புகை போவதற்குத் தம்பி பக்கத்து ஜன்னல்தான். அது அந்த நேரம் பார்த்துச் சாத்தியிருக்கும்.

"ஜன்னலைத் தொறக்கச் சொல்லு உங்க சித்தியை."

"ஜன்னல் எங்க வீட்டு ஜன்னல்னு சொல்லு உங்க பெரியம்மாகிட்ட."

இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் நடுவில் நின்று தந்தி ஆபீஸ் வேலை பார்த்தார்கள். தந்தியில் போகாத சில வார்த்தைகள் நேராகவே போய்ச் சேர்ந்தன.

ஒரு விஷயத்தை மட்டும் இரண்டு தரப்பும் சத்தமாகப் பேசவில்லை. அப்பாவின் பாய் விரித்திருந்த இடம் சரியாகக் கோட்டின் மேல் விழுந்துவிட்டது. தலை தனசீலன் பக்கம், கால் சேசுராஜ் பக்கம்.

"எட்டு வருஷம் உங்கப்பாவுக்கு நான் வடிச்சுக் கொட்டியாச்சு," என்றாள் இருதயமேரி புருஷன் காதுக்குள். "இனி கொஞ்ச நாள் அவ போடட்டுமே. கொறஞ்சா போயிருவா?"

சேலைக்கு அந்தப் பக்கம் ஏஞ்சலம்மாளும் குசுகுசுத்துக்கொண்டிருந்தாள். "மூத்த மகன் இருக்கயில மாமாவை நாம இழுத்து வச்சுக்கிட்டா ஊரு என்ன பேசும்? மரியாதையா இருக்குமா?"

மறுநாள் தனசீலன் பட்டறையிலிருந்து வந்ததும் இருதயமேரி சொன்னாள்: "இன்னைக்கு மத்தியானம் உங்கப்பா வெகுநேரம் பாயிலயே உக்காந்திருந்தாவ. அப்புறம் துண்டை ஒதறித் தோள்ல போட்டுட்டு வெளியே போனாவ."

"எங்க?"

"கோயிலுக்கா இருக்கும். தவக்காலமில்லா."

தனசீலன் கடமையை மறக்கிறவன் இல்லை. தினமும் அப்பாவைக் கேட்டான்.

"சாப்பிட்டாச்சாப்பா?"

"ஆச்சுல," என்பார் மரியசூசை. அவர் அதற்கு மேல் பேசுகிற ஆளும் இல்லை.

தம்பி வீட்டில் நன்றாகத்தான் கவனிக்கிறார்கள் என்று தனசீலன் திருப்திப்பட்டான். அண்ணன் வீட்டில் நன்றாகத்தான் கவனிக்கிறார்கள் என்று சேசுராஜும் திருப்திப்பட்டான். கோடு போட்ட பிறகு இருவரும் ஒரே மாதிரி நினைத்த விஷயம் அது ஒன்றுதான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தனசீலன் கோலியில் படுத்திருந்தான். பின்சுவருக்கு அந்தப் பக்கம் பீவியின் வீடு. சுவர் ஒன்றுதான், வாசல் மட்டும் அடுத்த சந்தில். தகரக் கூரைக்கும் சுவருக்கும் இடையிலிருந்த இடுக்கு வழியாகப் புகை வந்தது. தாளிக்கிற மணமும் வந்தது.

தனசீலன் எழுந்து உட்கார்ந்தான்.

"ஏய், பாத்தியா? பீவி வீட்டுல நோன்பு ஆரம்பிச்சு நாலு நாளாகுது. உச்சி வெயில்ல அடுப்பு எரியுது!"

"தெனமுந்தான் எரியுது," என்றாள் இருதயமேரி.

"எச்சிலைக்கூட முழுங்க மாட்டோம்னு சொல்லுவாவ. இதுதான் நோன்பாக்கும்!" என்று தனசீலன் வாய்விட்டுச் சிரித்தான். சொந்தக் கோலிக்குள் சில நாளாகச் சிரிக்க வழியில்லாமலிருந்தவனுக்கு அது பெரிய ஆறுதல். பட்டறையிலும் நாலு பேரிடம் சொல்லிச் சிரித்தான்.

அந்தச் சிரிப்பு வியாழக்கிழமை வரை தாங்கியது. வியாழக்கிழமை பூலோகம் அடுத்த சேதியோடு வந்தான்.

"அண்ணாச்சி, ஒங்க அடுப்புக்கு எத்தன பேரு?"

"நாலு."

"போச்சு! அடுப்புக்கு அஞ்சு பேருன்னுல்லா ஆபீசர் சொல்லுதான். நாலுன்னா பாதி ரூமுகூடக் கெடைக்காது."

தனசீலன் வீட்டுக்கு ஓடினான். அதற்குள் சேதி அவனுக்கு முன்னால் வந்து சேர்ந்திருந்தது. சேலைக்கு இந்தப் பக்கம் நாலு பேர். அந்தப் பக்கம் நாலு பேர். எட்டு பேரும் ஒரே நேரத்தில் கோட்டின் மேல் உட்கார்ந்திருந்த மரியசூசையைத் திரும்பிப் பார்த்தார்கள்.

எட்டு வருஷத்தில் அவரை அப்படி யாரும் பார்த்ததில்லை.

"மாமா, வாங்க, சாப்பிடுங்க," என்றாள் இருதயமேரி.

"மாமா, ஒங்களுக்குப் புடிச்ச நெத்திலிக் கொழம்பு," என்றாள் ஏஞ்சலம்மாள்.

"வயிறு நெறஞ்சிருக்கும்மா. இப்பத்தான் ஆச்சு," என்றார் மரியசூசை.

இருதயமேரி சேலையை முறைத்தாள். ஏஞ்சலம்மாளும் சேலையை முறைத்தாள். எந்த நேரம் தட்டு வைத்தாலும் கிழவர் வயிறு நிறைந்தே இருந்தது. முந்திக்கொள்வதற்காக இருதயமேரி பதினோரு மணிக்கே சோறு வடித்தாள். ஏஞ்சலம்மாள் பத்தரைக்கு வடித்தாள். காலைக் காபியும் மத்தியானச் சாப்பாடும் ஒன்றையொன்று முட்டிக்கொண்டன. அவரோ துண்டை உதறிக்கொண்டு வெளியே போய்விடுவார்.

அப்புறம் படுக்கைச் சண்டை வந்தது.

"தலைக்கணக்குத்தானே எடுக்காவ? அப்பா தலை எங்க பக்கம் இருக்கு," என்றான் தனசீலன்.

மறுநாள் விடிந்து பார்த்தால் பாய் திரும்பியிருந்தது. தலை ஜன்னல் பக்கம்.

"அப்பாவுக்குக் காத்து வேணும்னு திருப்பினேன்," என்றான் சேசுராஜ்.

"இத்தனை வருஷம் இல்லாத காத்து ஒனக்கு இன்னைக்கு வந்துட்டோல?"

சனிக்கிழமை சாயங்காலம் எல்லாம் சேர்ந்து வெடித்தது. மரியசூசைக்குத் தண்ணீர் கொடுக்கப் போன இருதயமேரி அவர் கையை மோந்து பார்த்துவிட்டு அலறினாள்.

"ஐயோ சேசுவே! ஆட்டுக்கறி வாசம்! தவக்காலத்துல கெழவருக்குக் கறி ஆக்கிப் போட்டு ஆள் புடிக்கிறாளே, இவ வெளங்குவாளா!"

ஏஞ்சலம்மாள் சேலையை ஒரே இழுப்பில் விலக்கினாள். "நானா? நாங்க முட்டைகூட ஒடைக்கல. நீங்க போட்டுட்டுப் பழியை என்மேல போடுதியளா?"

"சாமியார்கிட்ட வந்து சொல்லுவியா?"

"வாங்க, இப்பவே போவோம்!"

அண்ணன் தம்பியின் சட்டையைப் பிடித்தான். தம்பி அண்ணன் கழுத்தைப் பிடித்தான். இருவரும் பிடிமானத்துக்குச் சேலையைப் பிடித்தார்கள். அது நீளவாக்கில் கிழிந்தது. மூலையில் லூர்து இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டாள்.

"அப்பா, நீங்களே சொல்லுங்க! எங்க சாப்பிட்டிய?" என்று கத்தினான் தனசீலன்.

மரியசூசை மகன்களை மாறி மாறிப் பார்த்தார்.

"நல்லாத்தாம்ல சாப்பிட்டேன்," என்றார். பாயில் படுத்துச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மறுநாள் காலை கணக்கெடுப்பவர் வந்துவிட்டார். மாட்டுங்காவிலிருந்து வந்த முனிசிபல் பள்ளி வாத்தியார், சுப்ரமணியன் என்று பெயர். ஆளுக்கொரு சீட்டு எழுத வேண்டுமாம். அக்குளில் ஒரு கட்டுச் சீட்டு இருந்தது. கிழிந்த சேலை, இரண்டு அடுப்பு, தரையில் கோடு, கோட்டின் மேல் ஒரு பெரியவர். எல்லாவற்றையும் பார்த்துவிட்டு அம்மிக்கல்லின் மேல் உட்கார்ந்தார்.

"எத்தனை பேர் இருக்கேள்?"

"அஞ்சு," என்றான் தனசீலன்.

"அஞ்சு," என்றான் சேசுராஜ்.

"மொத்தம் ஒம்பது தலைதானே தெரியறது?"

"அப்பா எங்க அடுப்பு சார்! தலை எங்க பக்கம் இருந்துச்சு!"

"வெள்ளிக்கிழமையிலேருந்து தலை எங்க பக்கம் சார்!"

வாத்தியார் பேனாவை மூடினார்.

"தலை எந்தப் பக்கம் இருந்தா என்ன? எதுக்கு இந்தச் சண்டை?"

தனசீலன் குரலைத் தாழ்த்தினான். "அஞ்சு பேர் இருந்தாத்தானே சார் வீடு..."

"என்ன வீடு?"

"ஏக் சூல், ஏக் கர்."

வாத்தியார் ஒரு நிமிஷம் விழித்தார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அட ராமா! ஒரே அடுப்பிலே சாப்பிடறவா எல்லாரும் ஒரே குடும்பம்னு கணக்கு. அதைத்தான் அப்படிச் சொல்லுவா. அஞ்சுங்கறது சராசரி. வீடுமில்லை, வாசலுமில்லை. எண்ணிண்டு போறதோட சரி."

தனசீலன் லூர்தைப் பார்த்தான். அவள் கிழிந்த சேலையின் இரண்டு பாதிகளையும் சேர்த்துத் தைக்க ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். உள்ரூம், உள்கதவு, அவனே அடிப்பதாக இருந்த கீல், எல்லாம் சுண்ணாம்புக் கோட்டின் மேல் உட்கார்ந்து அவனைப் பார்த்தன.

முதலில் வாய் திறந்தவள் இருதயமேரி. "அப்ப மாமாவைக் கொழுந்தன் சீட்டுலயே எழுதிக்கிடுங்க சார். எட்டு வருஷம் நான் பாத்தாச்சு."

"மூத்தவரு அவியதான சார்," என்றாள் ஏஞ்சலம்மாள் அவசரமாக. "மொறைப்படி அங்கதான் எழுதணும்."

"தலை எங்க பக்கம்னு இப்பத்தானல சொன்னே?" என்றான் தனசீலன் தம்பியிடம்.

"காலு எங்க பக்கம்னு வேணா வச்சுக்கிடலாம்ணே," என்றான் சேசுராஜ்.

அந்த நேரம் வாசலில் நிழல் தட்டியது. பின்வீட்டுப் பீவி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நின்றிருந்தாள். "சார், அடுத்தாப்புல எங்க வீட்டுக்கு வந்துட்டுப் போயிருங்க. அவுக வேலைக்குக் கெளம்புதாக," என்றாள்.

"இதோ வந்துட்டேம்மா. இவா விவகாரம் முடியட்டும்." வாத்தியாருக்குச் சிரிப்பு தீர்ந்து எரிச்சல் வந்திருந்தது. "நன்னாக் கேளுங்கோ. நீங்க சொல்ற தலையும் காலும் எனக்கு வேண்டாம். எனக்கு வேண்டியது ஒரே கேள்விக்குப் பதில். இந்தப் பெரியவர் யார் அடுப்பிலே சாப்பிடறார்?"

தனசீலன் சேசுராஜைப் பார்த்தான். சேசுராஜ் தனசீலனைப் பார்த்தான். மரியசூசை தரையைப் பார்த்தார்.

"எங்க வீட்டுச் சீட்டுல எழுதிக்கிடுங்க சார்," என்றாள் பீவி. "எங்களுக்கு நோன்பு, பத்து நாளா பகல்ல எங்க அடுப்பு எரியறதே இந்தப் பெரியவருக்காவத்தான்."