கைதட்டாத இரண்டு வரிசை

சொந்தப் பெண்டாட்டி மேடையேறிப் பாடப் போகிறாள், அதற்கு ஒருத்தர்கூடக் கைதட்டிவிடக் கூடாது என்று வேண்டிக்கொண்ட புருஷனை நீங்கள் எங்காவது பார்த்திருக்கிறீர்களா?

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரரைப் பார்த்திருந்தால் போதும். ஆனால் வெளியே கேட்டுப் பாருங்கள். "நான் பெண்டாட்டியைக் கட்டிப்போடுற ஆள் கிடையாதுங்க. பாடட்டும், ஆடட்டும், பறக்கட்டும்" என்பார். கண் பரிசோதனைக்கு வருகிறவர்கள் எழுத்தைப் படிக்கிறார்களோ இல்லையோ, இதைக் கேட்காமல் எழுந்து போக முடியாது. எல்லாரிடமும் சொல்லியாகிவிட்டது. இனி வார்த்தையைத் திரும்ப வாங்க முடியாது.

மனைவி காலையில் கடையில் உட்கார்ந்து ஃபிரேமுக்குத் திருகு முடுக்குவாள், வருகிறவர்களுக்கு மாட்டிப் பார்ப்பாள். சாயங்காலம் பாட்டு நாடகக் குழுவுக்குப் போவாள். வசனம் கொஞ்சம், பாட்டு நிறைய என்கிற மாதிரி நாடகம். இத்தனை நாள் கூட்டத்தில் ஒருத்தியாகப் பின்னால் நின்று பாடினவளுக்குப் புது நாடகத்தில் தனிப்பாட்டு கிடைத்தது. தூங்குகிற குழந்தையை விட்டுவிட்டு வேலைக்காக வெளியூர் கிளம்புகிற தாயின் பாட்டு.

ஒரு நாள் திருகை முடுக்கிக்கொண்டே சொன்னாள்.

"ஏங்க, ஞாயித்துக்கிழமை மத்தியானம் முதல் ஆட்டம். என் பாட்டுக்குச் சோதனை வச்சிருக்கார் இயக்குநர்."

"என்ன சோதனை?"

"ஜனங்க எப்படி நடந்துக்கறாங்கன்னு பார்ப்பாராம். பாட்டு முடிஞ்சதும் கைதட்டு அதிருச்சுன்னா பாட்டு நிலைச்சிடும். குழுவோட மூணு மாசம் ஊர் ஊராப் போகணும். அரங்கம் உம்முனு இருந்துதுன்னா வெட்டிடுவார். நான் பேசாம வீட்டோட இருந்துக்க வேண்டியதுதான்."

"மூணு மாசமா?"

"சேர்ந்தாப்பல. வாலுவை நீங்க பார்த்துக்க மாட்டீங்களா என்ன?"

வாலு என்பது அவர்களுடைய மூன்று வயது மகள். பெயரைச் சொன்னாலே மீதி விளங்கிவிடும். ஒரு வாய் சோறு உள்ளே போவதற்குள் வீட்டை ஏழு சுற்று வருவாள். செருப்பைத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டுச் சோப்பைச் செருப்பு வைக்கிற இடத்தில் வைப்பாள். கடையையும் நினைத்துப் பார்த்தார். அவர் திருகு முடுக்கினால் ஒரு கண்ணாடி இரண்டு கண்ணாடி ஆகிவிடும்.

"கண்டிப்பா ஜெயிப்பே" என்றார். குரல் மட்டும் ஒத்துழைக்கவில்லை.

"இந்தாங்க." முன் இரண்டு வரிசைக்கான டிக்கெட்டுக் கட்டை மேசைமேல் வைத்தாள். "வீட்டு ஆளுங்களுக்குன்னு குடுத்தாங்க. உங்களுக்கு வேண்டியவங்களுக்குக் கொடுங்க. நல்லா ரசிக்கிறவங்களாப் பார்த்து."

அவருக்குக் கண் பளிச்சென்றது.

இங்கே ஒரு தொழில் சங்கதி. புதுக் கண்ணாடி மாட்டி முகத்தைப் பார்க்கும்போது யாராக இருந்தாலும் உதட்டோரம் லேசாகச் சிரிப்பு வரும். கிழவர்களுக்கும் வரும், கடன்காரர்களுக்கும் வரும். அப்போதும் வராத ஆட்கள் ஊருக்குள் கொஞ்சம் பேர்தான் உண்டு. அவர்களெல்லாம் கடைக்காரருக்கு அத்துப்படி.

முதலில் ஓய்வுபெற்ற ஜட்ஜ் ஐயாவிடம் போனார்.

"நாடகமா? அங்கே வந்து நான் என்ன பண்ணணும்?"

"ஒண்ணும் பண்ண வேண்டாங்கய்யா. அதைத்தான் பண்ணணும்."

"கைதட்டணுமோ?"

"உங்க கைக்கு எதுக்குங்க அந்தச் சிரமம்?"

"சரி" என்றார் ஜட்ஜ். சந்தோஷப்பட்டாரா இல்லையா என்று அந்த முகத்தைப் பார்த்துச் சொல்ல யாராலும் ஆகாது. அடுத்து, சவக்கிடங்கு டாக்டர். பிறகு, யாராவது தும்மினால்கூட நிமிர்ந்து முறைக்கும் நூலகத்து அம்மா. இப்படியே முகம் பார்த்துப் பார்த்து இரண்டு வரிசையையும் நிரப்பினார். கருங்கல் சுவர்கூட அவ்வளவு நெருக்கமாக அமையாது.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. இரண்டாவது வரிசை ஓரத்தில் வாலுவை மடியில் வைத்துக்கொண்டு அவர் உட்கார்ந்தார். சட்டைப்பையில் ஒரே ஒரு மிட்டாய். கூட்டம் நல்ல கூட்டம். நாடகம் ஆரம்பித்ததும் பின்வரிசைகளில் சிரிப்பு, உச்சுக்கொட்டல், விசில். முன்னால் இரண்டு வரிசையும் அசையவில்லை. பின்னால் சிரிக்கிறவர்கள் முன்னால் இருக்கும் தலைகளைப் பார்ப்பார்கள், நாம்தான் தப்பான இடத்தில் சிரித்துவிட்டோமோ என்று நிறுத்திக்கொள்வார்கள். கடைக்காரருக்கு மூச்சு சீராக வந்தது.

அப்போதுதான் பின்னால் ஒரு குரல் கேட்டது.

"அண்ணே, அடுத்தது தங்கச்சி பாட்டுதானே? கவலைப்படாதீங்க. நான் இருக்கேன்."

திரும்பிப் பார்த்தார். மூன்றாவது வரிசையில் டயர்கடைக்காரர். சொந்தக் காசில் டிக்கெட் எடுத்து வந்திருக்கிறார். இரண்டு விரலை வாயில் வைத்து அவர் விசில் அடித்தால் தெருக்கோடியில் லாரி நின்றுவிடும்.

"வேண்டாம்ப்பா. நீ சும்மா இருந்தாலே போதும்."

"அது எப்படிண்ணே? நம்ம வீட்டுப் பொண்ணு பாடறா. கூரை பறக்க வேண்டாமா?"

மேடையில் விளக்கு மங்கியது. கட்டிலில் குழந்தை வேடம் போட்ட பிள்ளை தூங்க, பக்கத்தில் மனைவி வந்து நின்றாள். மெதுவாகப் பாட ஆரம்பித்தாள்.

"அம்..." என்றாள் வாலு.

அவர் பாய்ந்து மிட்டாயை எடுத்தார். உறையைப் பிரிக்கும்போதே பின்னால் நாற்காலி கிறீச்சிட்டது. டயர்கடைக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்து விரலை வாய்க்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்தார். இருந்தது ஒரு மிட்டாய். திறந்திருந்தது இரண்டு வாய். கணக்குப் போட நேரமில்லை. கையை நீட்டி டயர்கடைக்காரர் வாயில் மிட்டாயைத் திணித்தார். பல்லில் ஒட்டினால் லேசில் விடாத மிட்டாய் அது.

"ம்ம்ம்?" என்றார் டயர்கடைக்காரர். அதற்குமேல் அவரால் முடியவில்லை.

வாலு இதைப் பார்த்துவிட்டாள். தன் மிட்டாய் இன்னொருத்தர் வாய்க்குள் போவதைப் பார்த்த மூன்று வயதுப் பிள்ளையின் முகம் எப்படி ஆகும் என்று பெற்றவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. உதடு பிதுங்கியது. மூச்சு உள்ளே போனது. வெளியே வந்தால் தொலைந்தது. அரங்கம் சிரிக்கும், "ஐயோ பாவம்" என்று உருகும், அதுவே கைதட்டாக முடியும். சட்டென்று தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி அவள் கையில் கொடுத்தார். வீட்டில் அதைத் தொட்டாலே ரகளை நடக்கும். வாலு அழுகையை அப்படியே மறந்துவிட்டுக் கண்ணாடியின் காலை வளைக்க ஆரம்பித்தாள்.

இப்போது அவருக்கு மேடை ஒரே பனிமூட்டம். காது மட்டும்தான் மிச்சம். அந்தக் காதுக்குள் அவள் குரல் வந்து விழுந்தது. வீட்டில் துணி மடிக்கும்போது முணுமுணுக்கிற அதே குரல்தான். இங்கே அது வேறு யாரோ மாதிரி இருந்தது. கை இரண்டும் தானாக நெருங்கி வந்தன. அவர் பயந்துபோய் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து, மேலே அழுத்தி உட்கார்ந்துகொண்டார்.

பாட்டு முடிந்தது. விளக்கு அணைந்தது.

சத்தமே இல்லை. ஜட்ஜ் அசையவில்லை. டாக்டர் அசையவில்லை. பின்னால் யாரோ கையைத் தூக்கியிருப்பார்கள் போல, நூலகத்து அம்மா திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். அந்தக் கையும் இறங்கிவிட்டது. இருட்டில் அத்தனை பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தார்கள்.

மேடைக்குள்ளிருந்து மெல்ல ஒரு சத்தம். டொக். டொக். யாரோ கதவைத் தட்டுகிறார்கள்.

கடைக்காரர் தொடைக்கு அடியிலிருந்து கையை எடுத்தார். மரத்துப் போயிருந்தது. வெட்டியாச்சு, பாட்டு போச்சு, பெண்டாட்டி வீட்டோடு.

நாடகம் முடிந்ததும், வளைந்த கண்ணாடியை மாட்டிக்கொண்டு மேடைக்குப் பின்னால் போனார். "விடும்மா, இந்த ஊர் ஜனங்களுக்கு ரசனை கிடையாது" என்று ஆறுதல் சொல்ல வழியெல்லாம் முகத்தைச் சோகமாக வைத்துப் பழகிக்கொண்டு போனார். இயக்குநர் ஓடிவந்து அவருடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"சார், என் நாடகத்தையே காப்பாத்திட்டீங்க."

"நானா?"

"ஒத்திகை பார்க்க வந்தவங்கெல்லாம் அந்தப் பாட்டு முடியறப்ப கைதட்டி விசிலடிச்சுத் தீர்த்துட்டாங்க. கதவு தட்டுற சத்தம் ஒருத்தர் காதுலயும் விழலை. குழந்தையோட அப்பா திரும்பி வந்துட்டாருன்னே தெரியாம மீதிக் கதை புரியலைன்னாங்க. இன்னைக்கும் அப்படித்தான்னா பாட்டையே எடுத்துடுவேன்னு உங்க வீட்டம்மாகிட்ட சொல்லியிருந்தேன். ஜனங்க அசையாம இருந்தா மட்டும்தான் பாட்டு இருக்கும்னேன். 'அந்தப் பொறுப்பை எங்க வீட்டுக்காரர்கிட்ட விடுங்க'ன்னாங்க. அடடா, என்ன ஆளுங்க சார். முன் வரிசை அடங்கினா பின்னாடி தானா அடங்கும். மூணு மாசத்துக்கும் இவங்கதான் பாடறாங்க."

கடைக்காரர் மனைவியைப் பார்த்தார். அவள் முகத்தில் பூசியிருந்ததைத் துடைத்துக்கொண்டிருந்தாள், ரொம்ப அக்கறையாக.

வீட்டுக்கு நடக்கும்போது, தோளில் வாலு தூங்கியபின், மெதுவாகக் கேட்டார்.

"எங்கிட்ட தலைகீழாச் சொல்லியிருக்கே."

"ஆமாங்க."

"ஏன்? நேராச் சொன்னா என்ன?"

"நேராச் சொல்லியிருந்தா டயர்கடைக்காரர் மாதிரி ரெண்டு வரிசை ஆளைக் கூட்டிட்டு வந்திருப்பீங்க."

"நான் அப்படிப்பட்ட ஆளா?"

அவள் அவரைப் பார்த்தாள். அடுத்தவர் கண்ணைப் பார்ப்பதே தொழிலாகக் கொண்ட மனிதர் அந்தக் கண்ணை மட்டும் பார்க்காமல் நடந்தார்.

"ஜட்ஜ் ஐயாவைப் பிடிப்பேன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"அவருக்கு ஃபிரேம் மாட்டிவிட்டது யாருங்க?"

வீட்டுக்கு வந்து வாலுவைப் படுக்கப் போட்டார். அவளுடைய கை இன்னும் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தது. விரல் விரலாகப் பிரித்தார். அறைக்குள்ளிருந்து மனைவி கூப்பிட்டாள். பாடும்போது இருந்த அதே இதமான குரல்.

"ஏங்க."

கொஞ்சம் மன்னிப்பு கேட்பாள், அல்லது பாட்டு எப்படி இருந்தது என்றாவது கேட்பாள் என்று வேகமாகப் போனார். அவள் நாற்காலிமேல் ஏறி எக்கிப் பார்த்துவிட்டு இறங்கிக்கொண்டிருந்தாள்.

"அலமாரி மேல இருக்கிற பெரிய பெட்டியை இறக்கிக் குடுங்களேன், எனக்கு எட்டலை."