வரும்போது இறக்கம்

என் கால் தரையை விட்டு எழும்பாது என்று முடிவு செய்து நாற்பது வருஷம் ஆகிறது. வீட்டில் ஸ்டூல் மேல் ஏறி பல்பு மாட்டுவதுகூட என் மனைவிதான். பயம் என்று வாய்விட்டுச் சொன்னதில்லை. கடிகாரம் ரிப்பேர் செய்கிறவன் நான். தெருவே என்னிடம் வந்து மணி கேட்கும். கௌரவம் என்று ஒன்று இருக்கிறதே!

எனக்கு அடங்காத கடிகாரம் ஒன்றே ஒன்று. எங்கள் சமையலறை அலமாரியில் இருப்பது. எத்தனை தடவை சரி செய்தாலும் மறுநாள் மூன்று மணி நேரம் முன்னால் ஓடும். உள்ளே இருந்த சக்கரம் அத்தனையும் மாற்றிவிட்டேன். திருந்தவில்லை.

இப்படி இருக்கையில் கடல் தாண்டி இருக்கும் மகளுக்குப் பிரசவ மாசம் நெருங்கியது. மாப்பிள்ளை விமான நேரம் எழுதி அனுப்பினார். நாலாயிரம் கிலோமீட்டர். தாளை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, துக்கம் விசாரிக்கிற குரலில் ஆரம்பித்தேன்.

"காலைல பத்துக்குக் கிளம்பி சாயங்காலம் ஆறுக்குப் போகுதாம். எட்டு மணி நேரம்! உன் முட்டி தாங்குமா?"

"உங்க அக்கா வீட்டுக்கு உடைஞ்ச சீட்டுல பன்னெண்டு மணி நேரம் பஸ்ல போனப்ப இதே முட்டிதானே?"

"அது தரைடி."

"சரி, வரும்போது?"

படித்தேன். எனக்கே தூக்கிவாரிப் போட்டது. அங்கே பத்துக்குக் கிளம்பி இங்கே பன்னிரண்டுக்கு வருகிறது.

"ரெண்டு மணி நேரம்" என்றேன்.

"அதே தூரம்தானே? அதெப்படி?"

"வரும்போது இறக்கம்."

அவள் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை.

"எட்டும் ரெண்டும் பத்து. பாதி அஞ்சு. போக அஞ்சு, வர அஞ்சு. அந்த ஊர் மணி நமக்கு மூணு மணி நேரம் முன்னாடி. அந்த அலமாரியைக் கொஞ்சம் பாருங்க."

பார்த்தேன்.

"ஆறு வருஷமா அதுல ஓடறது நம்ம பொண்ணோட மணி. அவ எழுந்திருச்சிருப்பா, சாப்பிட்டிருப்பான்னு அதைப் பார்த்துத்தான் நான் அடுப்புல நிக்கறேன். நீங்க திருத்தித் திருத்தி வெப்பீங்க. நான் திருப்பித் திருப்பி வெப்பேன்."

ஆனாலும் விடவில்லை.

"அப்போ நீ மட்டும் போயிட்டு வா."

"சரிங்க. மூணு மாசம். அரிசி பெரிய டப்பால, பருப்பு சின்ன டப்பால. பல்பு போச்சுன்னா இருட்டுல இருந்துக்கங்க."

அஞ்சு மணி நேரம் ஆகாயத்தில். மூணு மாசம் தனியாக. மனசுக்குள் தராசு ஒரு நிமிஷம்கூட ஆடவில்லை.

"நானும் வரேன்" என்றேன்.

அவள் அந்தக் கடிகாரத்தைத் தூக்கினாள். அடியில் ஒரு கவர். உள்ளே இரண்டு டிக்கெட், போன மாசமே வாங்கியது.

"ஜன்னல் ஓரம் எனக்கு. நீங்க எப்படியும் கண்ணை மூடிக்கிட்டுத்தானே வரப்போறீங்க."